காபி இலைத்துருவுக்கு சூடோமோனாஸ் அடித்தேன், பலன் இல்லை. எங்கே தவறு?

மலைவாழை | கார்த்திகை கடைசி வாரம்

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்கு மேலே மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் எஸ்.795, ஓரத்தில் கொஞ்சம் காவேரி, இரண்டும் அராபிகா ரகம். நிழலுக்கு சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும், இடையில் மலைவாழை, மிளகு. அப்பா காலத்தில் தவறாமல் போர்டோ கலவை அடிப்பார்கள், மயில்துத்தம் என்கிற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து. தோட்டம் என் கைக்கு வந்ததும் மயில்துத்தத்தைக் குறைக்கலாம் என்று ஆசைப்பட்டேன். கீழே மருந்துக் கடையில் கேட்டதற்கு, "சூடோமோனாஸ் அடிங்க, துரு போன இடம் தெரியாது" என்று ஐந்து கிலோ கட்டிக் கொடுத்தார்கள். நோய்ப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாப் பொடியாம் அது.

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் இலைகளில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தது. உடனே அடித்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. இப்போது கார்த்திகை முடிகிறது, செடியெல்லாம் குச்சி குச்சியாக நிற்கிறது. பழம் மட்டும் தொங்குகிறது, இலை இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலி ஓரமாக நின்று, "பாக்டீரியாவாவது, பாட்டியாவாவது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இந்த பாக்டீரியா விஷயமே ஏமாற்றா, இல்லை நான் செய்ததில்தான் பிழையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

ஏற்காடு நிழல் | அதே நாள்

தம்பி, தீர்ப்புக்கு முன்னால் மூன்று கேள்வி. எந்த நேரத்தில் அடித்தீர்கள்? இலையின் எந்தப் பக்கம் நனைந்தது? டேங்கில் கூட வேறு என்ன கலந்தீர்கள்?

---

மலைவாழை

காலை பதினொரு மணி வாக்கில், ஆள் வந்து சேர்ந்த பிறகு. பவர் ஸ்ப்ரேயரில் மேலிருந்து அடித்தோம், செடி முழுக்க நனைந்தது. கடைக்காரர் "ரெண்டும் சேர்ந்தால் பலம்" என்று சொன்னதால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தையும் அதே டேங்கில் போட்டேன்.

---

ஏற்காடு நிழல்

சரிதான். மூன்றிலும் கோட்டை விட்டிருக்கிறீர்கள். விளக்கத்தை நுண்ணோக்கி வந்து சொல்லட்டும், நான் சொன்னால் திட்டுகிற மாதிரி இருக்கும்.

---

நுண்ணோக்கி | இரவு 10.15

அண்ணா, முதலில் அந்தக் கடைசி விஷயம். மலை ஆரஞ்சு, எலுமிச்சையில் சொறி நோய் வந்தால் எதை அடிக்கிறோம்? காப்பர் ஆக்சிகுளோரைடு. அந்தச் சொறி பாக்டீரியாவால் வருவது. செம்பு பூஞ்சையை மட்டும் தேடிப்போய்க் கொல்கிற மருந்து இல்லை, பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடோமோனாஸை டேங்கிலேயே கொன்றுவிட்டு, பிணத்தைத் தெளித்திருக்கிறீர்கள். செம்பு அடித்த தோட்டம் என்றால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

அடுத்தது நேரம். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் தன்னைச் சுற்றிப் பாதுகாப்பு உறை கட்டிக்கொள்ளத் தெரியாத பாக்டீரியா. வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். அதன் இயல்பான வீடு வேர்ப்பகுதி, இலை இல்லை. பதினொரு மணி வெயிலில் இலைமேல் அடித்தால் எத்தனை பிழைக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் வகைகள் வேறு ரகம். நிலைமை மோசமானால் தடித்த உறை கட்டிக்கொண்டு தூங்கிவிடும், ஈரம் வந்ததும் எழுந்துகொள்ளும். இலைக்கு அடிப்பதென்றால் நான் பாசில்லஸைத்தான் முதலில் பார்ப்பேன். எதுவானாலும் மாலை நான்கு மணிக்கு மேல்.

முக்கியமான விஷயம் மூன்றாவது. துருப் பூஞ்சை, அதாவது ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ், இலைக்குள் போகும் வழி அடிப்பக்கத்தில் இருக்கிறது. காபி இலையின் துளைகள் எல்லாம் அடியில்தான். பூஞ்சை வித்து அங்கே விழுந்து, ஒரு நாள், ஒன்றரை நாள் தண்ணீர்ப் படலம் காயாமல் இருந்தால் முளைத்து, துளை வழியே உள்ளே நுழைந்துவிடும். 22 முதல் 24 டிகிரி வெப்பம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். நம் மலையில் மழைக்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே போன பிறகு மூன்று நான்கு வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் மஞ்சள் புள்ளி, அடியில் ஆரஞ்சுப் பொடி. ஆக, பொடியைப் பார்த்துவிட்டு மருந்தை எடுத்த அன்றைக்கு அந்தப் பூஞ்சைக்கு இலைக்குள் ஒரு மாதம் வயசு. இலையின் மேலே உட்கார்ந்திருக்கும் பாக்டீரியா அதை எட்டித் தொடக்கூட முடியாது. ஒரே ஒரு புள்ளி மூன்று முதல் ஐந்து மாதம் வரை உயிரோடு இருந்து மூன்று நான்கு லட்சம் வித்துகளை உதிர்க்கும் என்பார்கள். பொடி தெரிந்தபின் ஓடுவது, நெல் மூட்டையை எலி தின்று முடித்தபின் பூனை வாங்குவது மாதிரி.

அப்படியானால் பாக்டீரியா என்னதான் செய்யும்? வித்து முளைப்பதற்கு முன்னால் இலையின் அடியில் இடம் பிடித்திருக்க வேண்டும். பாசில்லஸ் கொழுப்பு ஒட்டிய சில குட்டிப் புரதத் துண்டுகளைச் சுரக்கும். இட்யூரின், ஃபென்ஜைசின் என்று பெயர். அவை பூஞ்சை இழையின் சவ்வை ஓட்டையாக்கிவிடும். சூடோமோனாஸ் மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பை முந்திக்கொண்டு பிடித்து வைத்துக்கொள்ளும், வேரழுகல் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காது. இது தவிர, வேரில் இந்த பாக்டீரியா குடியேறினால் செடி தானாகவே உஷாராகிவிடுகிறது. வேரில் கிடைத்த தகவல் இலை வரை போய்ச் சேரும். இதுவும் நோய் வருமுன் நடந்தால்தான் உதவி.

பிரேசிலில் இதைச் சும்மா விடவில்லை. காபி இலைக்குள்ளேயே வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து 2006-இல் சோதித்தபோது, சில பாசில்லஸ் வகைகள் துருவைக் குறைத்தன. அப்புறம் விசோசா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இயற்கை முறைத் தோட்டத்திலேயே இறக்கிப் பார்த்தார்கள். அதில் ஒரு பாசில்லஸ், செம்பு ஹைட்ராக்சைடு மருந்தின் பலனுக்கு அருகில் வந்து நின்றது. 2009-இல் வெளியான ஆய்வு. ஆக ஏமாற்று இல்லை. ஆனால் அது நூற்றுக்கணக்கான வகைகளிலிருந்து சலித்து எடுத்த ஒன்று. நம் கடையில் கிடைப்பது காபிக்கென்று தேர்ந்தெடுத்தது இல்லை.

---

கூடலூர்க் குளிர் | மறுநாள் காலை

எல்லாம் கேட்கச் சுகமாக இருக்கிறது. ஜூலையில் என் தோட்டத்துக்கு வந்து பாருங்கள், பத்து நாள் தொடர்ந்து ஊற்றும். நீங்கள் அடித்த பாக்டீரியா ஓடைக்குப் போய்விடும். போர்டோ கலவை காய்ந்துவிட்டால் நீல நிறமாக இலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், மழை அவ்வளவு சீக்கிரம் கழுவாது. நூறு வருடத்துக்கும் மேலாக நின்ற மருந்து அது. 200 லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பு. கலந்ததும் பளபளப்பான அரிவாளை அதில் முக்கி எடுங்கள். அரிவாள் செம்பு நிறமாக மாறினால் இன்னும் சுண்ணாம்பு போடுங்கள். இவ்வளவுதான் வித்தை. காபியைப் பூக்க வைக்கும் கோடை மழைக்கு முன்னால் ஒன்று, பருவமழைக்கு முன்னால் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று.

கருப்பு அழுகலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? எங்கள் பக்கம் துருவைவிட அதுதான் எமன். இலை கறுத்து, பூஞ்சை நூலில் தொங்கிக்கொண்டு கிடக்கும். அதற்கு எந்த பாக்டீரியா?

இல்லையென்றால் பேசாமல் அராபிகாவை விட்டு ரொபஸ்டா இனக் காபி போடுங்கள். துருவுக்கு அவ்வளவாக மசியாது.

---

நுண்ணோக்கி

கருப்பு அழுகலுக்கு பாக்டீரியாவை நம்பச் சொல்லமாட்டேன், அதில் உங்களோடு சண்டை இல்லை. செடி நடுவில் காற்று புகும்படி கிளையைத் திறந்துவிடுவதும் போர்டோவும்தான். கீழ்ப்பழனி ஆள்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்களைப் போல் தென்மேற்கு மழை அங்கே அறைவதில்லை, ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. அதற்கு முன்னால் ஒரு இடைவெளி கிடைக்கிறது. எல்லா மலைக்கும் ஒரே அட்டவணை சொல்வதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு.

ரொபஸ்டா யோசனையைத் தாண்டிக்குடியில் சொன்னால் அடி விழும்.

---

மலையகத்தான் | மதியம்

நான் இலங்கை மலையகம். இந்தத் துருவைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டன்மார் கடல் கடந்து வந்தது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. 1869-இல் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இந்தப் பொடி முதலில் கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரத் தோட்டத்திலிருந்து துவெய்ட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து இங்கிலாந்தில் பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி பெயர் வைத்தார். ஹெமிலியா என்றால் பாதி வழவழப்பு என்று அர்த்தம். வித்தின் ஒரு பக்கம் முள், மறுபக்கம் மொழுமொழு. தோட்டத் துரைமாருக்கு அந்த லத்தீன் பெயர் வாயில் வரவில்லை, "டிவாஸ்டேட்டிங் எமிலி", அதாவது நாசக்கார எமிலி என்று ஆக்கிவிட்டார்கள். எமிலி வந்து இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது.

நுண்ணோக்கி சொன்னதை 1880-இல் இங்கே வந்த மார்ஷல் வார்டு என்ற இளைஞர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார். வித்தை இலையில் விதைத்து, அது முளைத்துத் துளை வழியே இறங்குவதை உட்கார்ந்து பார்த்தார். உள்ளே போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது, முளைக்கும்போதே பிடிக்க வேண்டும் என்று எழுதினார். சரி, எதைக் கொண்டு பிடிப்பது? போர்டோ கலவை பிரான்சில் வெளியே தெரிந்ததே 1885-இல். வார்டு 1882-இலேயே போய்விட்டார். மருந்து வரும்முன் நோயாளி முடிந்த கதை.

இப்போது உங்களிடம் செம்பும் இருக்கிறது, பாக்டீரியாவும் இருக்கிறது. ஒரே டேங்கில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

---

மலைவாழை

ஐயா, அந்தக் கடைசி வரி இன்னும் இரண்டு வருடத்துக்குக் குத்தும்.

---

பஞ்சகவ்யம்_77

கடையில் பாக்கெட் வாங்குவதே வீண். ஒரு கிலோ சூடோமோனாஸை 200 லிட்டர் டிரம்மில் வெல்லம், கடலை மாவு, மோர் போட்டு ஐந்து நாள் வையுங்கள். கோடி கோடியாகப் பெருகும். ஒரு பாக்கெட்டில் ஒரு மலையே அடிக்கலாம். கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

---

நுண்ணோக்கி

பெருகும், ஐயா. எது பெருகும் என்பதுதான் கேள்வி. வெல்லமும் மோரும் போட்ட திறந்த டிரம்மில் முதலில் கொழிப்பது மோரிலிருக்கும் லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்டும். அவை புளிப்பாக்கிவிடும், சூடோமோனாஸுக்குப் புளிப்பு ஆகாது. காற்றும் வேண்டும், கலக்காமல் நிற்கும் டிரம்மில் அதுவும் போதாது. ஆய்வகத்தில் சூடோமோனாஸை கிங்ஸ் பி என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்தால் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும், அதைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வோம். உங்கள் டிரம்மை அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும்.

மண்ணுக்கு ஊட்டமாக ஊற்றுங்கள், அதில் தவறில்லை. ஆனால் அதை "சூடோமோனாஸ்" என்று கூப்பிட்டு துரு நிற்கவில்லை என்று பாக்டீரியாவைக் குறை சொல்லாதீர்கள்.

---

பஞ்சகவ்யம்_77

எங்கள் தோட்டத்தில் பலன் கிடைத்தது. ஆய்வகம் வந்து சான்றிதழ் தரவேண்டிய அவசியம் இல்லை.

---

கூடலூர்க் குளிர்

அடிக்காமல் ஒரு வரிசை விட்டுப் பார்த்தீர்களா? விடாமல் எப்படித் தெரியும்?

*(இதற்குப் பதில் வரவில்லை)*

---

கொல்லிமலை நாற்று | இரண்டு நாள் கழித்து

நான் நாற்று வளர்த்து விற்கிறேன். இங்கே எல்லோரும் இலைத்துருவையே பிடித்துத் தொங்குகிறீர்கள். இந்த பாக்டீரியா உண்மையில் கை கொடுக்கிற இடம் நாற்றங்கால். அதைச் சொல்லவே உள்ளே வந்தேன்.

மார்கழி, தை மாதத்தில் விதை போடுவோம். ஒன்றரை மாதத்தில் முளை எழும்பி, விதையைத் தலையில் சுமந்துகொண்டு தொப்பி மாதிரி நிற்கும். தொப்பி கழன்று இரண்டு வட்ட இலை விரிந்தால் பட்டாம்பூச்சி. அதற்கு நடுவில்தான் கழுத்தழுகல் வரும். ரைசோக்டோனியா என்ற மண் பூஞ்சை. நேற்று நிமிர்ந்து நின்றது இன்று காலை கழுத்து சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். ஒரு மூலையில் ஆரம்பித்தால் வட்டமாகப் பரவும்.

முன்பெல்லாம் ரசாயனப் பொடியைக் கரைத்து ஊற்றுவோம். இப்போது விதைக்கு சூடோமோனாஸ், கிலோவுக்கு பத்து கிராம். மற்ற பயிர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுதான் அது, நானும் அதையே வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அரிசிக் கஞ்சியில் பிசைந்து நிழலில் உலர்த்தி விதைப்பேன். பைக்கு மண் கலக்கும்போது, காட்டு மண் ஆறு பங்கு, தொழு உரம் மூன்று, மணல் ஒன்று. அந்தத் தொழு உரத்தில் பாக்டீரியாவைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, நிழலில் இரண்டு வாரம் வைத்துவிட்டுத்தான் பைக்குப் போகும். இது டிரம் இல்லை, உரக்குவியல். காற்று கிடைக்கிறது, நன்றாக மக்கியதால் வேறு எதற்கும் அங்கே பெரிய விருந்தில்லை.

நாற்றங்காலில் பந்தல் நிழல் உண்டு, ஈரம் நம் கையில் இருக்கிறது, வேர் பக்கத்திலேயே இருக்கிறது. சூடோமோனாஸுக்கு வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும். தண்ணீரைக் கண்டபடி ஊற்றிவிட்டு பாக்டீரியா காப்பாற்றும் என்று இருந்தால் அதுவும் சேர்ந்து முழுகும்.

---

மலைவாழை

அக்கா, இப்படி ஒரு பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பாக்கெட் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

---

கொல்லிமலை நாற்று

தேதி பார். கிராமுக்கு எத்தனை பாக்டீரியா என்று போட்டிருக்கும், 10 கோடிக்குக் குறையக்கூடாது. கடையில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார். தகரக் கூரைக்குக் கீழே யூரியா மூட்டைமேல் கிடந்தால் திரும்பி வந்துவிடு. ஒரு முறை அப்படி ஒரு கடையில் வாங்கி, ஒரு மேடை முழுக்கப் பறிகொடுத்தேன். பாக்கெட்டில் தேதி சரியாகத்தான் இருந்தது, பாக்டீரியா செத்து உள்ளே வெறும் டால்க் பவுடர். குழந்தைக்குப் பூசியிருக்கலாம்.

---

ஏற்காடு நிழல்

செம்பைக் குறைக்கும் ஆசை ஏன் நியாயம் என்று ஒரு கணக்கு. மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்குதான் செம்பு. ஹெக்டேருக்கு 1000 லிட்டர் அரை சதவீதக் கலவை என்று வைத்தால் 5 கிலோ மயில்துத்தம், அதாவது 1.25 கிலோ செம்பு. வருடம் மூன்று தடவை அடித்தால் 3.75 கிலோ. ஐரோப்பிய யூனியன் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு போட்டிருக்கிறது, வருடத்துக்குச் சராசரி 4. மழை அதிகம் என்று நாலாவது முறை அடித்தால் அந்தச் சராசரியைத் தாண்டிவிடும். செம்பு மண்ணில் மக்காது, அங்கேயே சேரும். அப்பா அடித்ததும் தாத்தா அடித்ததும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மண்புழு குறைவதைக் களைக்கொட்டு பிடித்தவர்களே சொல்வார்கள்.

அதனால் என் வழி இது. மழைக்கு முந்திய ஒரு போர்டோவை நான் விடுவதில்லை. இடையில் அடிப்பதைத்தான் பாசில்லஸுக்கு மாற்றினேன். முழுவதும் மாற்றினேன் என்று பெருமை பேச எனக்கு தைரியம் இல்லை.

---

மலைவாழை | தை மாதம்

ஒரு சந்தேகம். பச்சைச் செதில் பூச்சி இருக்கும் கிளையில், பூச்சியைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு வட்டம். அந்தக் கிளையில் துருப் பொடி மேலும் அதே வெள்ளை படிந்திருக்கிறது. புது நோயா? மருந்து அடிக்கவா?

---

நுண்ணோக்கி

அடிக்காதீர்கள்! அது லெக்கானிசிலியம். பாக்டீரியா இல்லை, பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை. செதில் பூச்சியையும் கொல்லும், துருவின் மேலும் ஏறும். மெக்சிகோவில் சியாபாஸ் மாநிலத்து நிழல் காபித் தோட்டம் ஒன்றில் வேண்டர்மீர், பெர்ஃபெக்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் இதைப் பார்த்து வருகிறார்கள். அங்கே ஒரு வகை எறும்பு செதில் பூச்சியை வளர்க்கும். பூச்சி பெருகினால் இந்த வெள்ளைப் பூஞ்சை வரும். வெள்ளைப் பூஞ்சை வந்த இடத்தின் சுற்று வட்டாரத்தில் துரு கொஞ்சம் அடங்கும். ஆக எறும்பை ஒழித்தால் துரு கூடுமோ என்றுகூட யோசிக்க வேண்டியிருக்கிறது. எறும்பு கடிக்கும் என்று பழம் எடுக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், அது வேறு விஷயம்.

செம்பு அடித்தால் இதுவும் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மலைவாழை | அடுத்த கார்த்திகை

போன வருடம் இதே நாளில் அழுதுகொண்டு எழுதினேன், அதனால் வந்து சொல்வது கடமை.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு போர்டோ, அரிவாள் சோதனையோடு. மூன்று வாரம் விட்டுப் பாசில்லஸ், மாலையில், முனையை மேல்நோக்கித் திருப்பி இலையடி நனைய. ஆள் கூலி கூடத்தான் ஆனது, ஏனென்றால் கீழே குனிந்து அடிக்க ஒருவரும் விரும்புவதில்லை. மழை இடைவெளியில் இன்னொரு முறை. கூடலூர் அண்ணன் சொன்ன மாதிரி இரண்டு வரிசைக்கு பாசில்லஸ் மட்டும் அடிக்காமல், இன்னும் இரண்டு வரிசைக்கு பாசில்லஸ், போர்டோ இரண்டுமே அடிக்காமல் விட்டேன்.

ஒன்றும் அடிக்காத வரிசைகள் போன வருடம் போலவே மொட்டை. போர்டோ மட்டும் அடித்ததற்கும் போர்டோவோடு பாசில்லஸ் அடித்ததற்கும் பெரிய வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் கல்யாண முருங்கையைக் கழித்துவிட்டு வெளிச்சம் விட்ட பக்கம் எல்லாமே கொஞ்சம் தேவலை. இலை சீக்கிரம் காய்கிறது போலிருக்கிறது.

நாற்றங்காலில் மட்டும் அக்கா சொன்னது அப்படியே நடந்தது. ஒரு மேடைக்குப் போட்டேன், ஒரு மேடைக்குப் போடவில்லை. போடாத மேடையில் பாதி வட்டமாகச் சாய்ந்தது. பெரியவர் வந்து இரண்டையும் பார்த்தார். சிரிக்கவில்லை. "அந்தப் பொடி மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

---

கூடலூர்க் குளிர்

கொடுத்தீர்களா?

---

மலைவாழை

தேதி முடிந்த பாக்கெட். புதிதாக வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நாற்றுக்கு மட்டும், காப்பரோடு கலக்காதீர்கள் என்று மூன்று தடவை சொல்லி.